கல்யாணமாகி, கைக்குழந்தையோடு, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? சீருடை வேலைக்கு இப்படித் தயாராகுங்கள்

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தம்பி, எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, ஆர்மில சேரணும், மாமாகிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார். வயது 23. எம்.எஸ்சி. கடைசி வருடம், தாம்பரம் பக்கம் கல்லூரி. ஆவடியிலிருந்து ரயில் ஏறி, பார்க்கில் மாறி, தினமும் பரங்கிமலையைத் தாண்டிப் போகிறவர், அங்கே இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தை (ஓடிஏ) நினைத்தே ஒரு வருடமாக சிடிஎஸ் என்ற முப்படை அதிகாரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். என் கணவர் அவரிடம் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த நோட்டிபிகேஷன்ல கல்யாணத்தைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிச்சியாப்பா?" படிக்கவில்லை. வயது, படிப்பு, உயரம் எல்லாம் பார்த்திருக்கிறார், அந்த ஒரு வரியை மட்டும் பார்க்கவில்லை. ஒரு வருடம் போய்விட்டது.

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் சிஆர்பிஎஃப் ஜவான் ஒருவரின் மனைவி. என் கணவர் வேலைக்குச் சேர்ந்தபோது மாலைக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் வருடம், எங்கள் மகளுக்குப் பத்து மாதம். அதனால் தேர்வுப் பக்கம் மட்டுமல்ல, வீட்டுப் பக்கமும் எனக்குத் தெரியும். வீட்டுப் பக்கத்தைப் பற்றித்தான் யாரும் சொல்வதே இல்லை.

முதலில் கல்யாண விதி

எந்த அறிவிப்பை எடுத்தாலும் முதலில் தேட வேண்டியது திருமண நிலை பற்றிய வரி. வயதும் படிப்பும் அப்புறம்.

உங்களுக்கு மூடியிருக்கும் கதவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன், வீணாக நம்பிக்கை வைக்காமல் இருப்பதற்காக. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் அக்னிவீரராகச் சேர கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, அந்த 4 வருட காலத்தில் கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் இதுதான். கல்யாண விதி இல்லாவிட்டாலும் குடும்பக்காரருக்கு நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் 4 வருடம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள், மற்றவர்கள் சேவா நிதித் தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும், பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது. என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி பள்ளி முடித்த பிள்ளைகளுக்கானது, அதிலும் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. சிடிஎஸ் வழியாகப் போகும் டேராடூன் ராணுவ அகாடமி, எழிமலை கடற்படை அகாடமி, நம் பரங்கிமலை ஓடிஏ எல்லாமே கல்யாணமாகாதவர்களுக்குத்தான். ஓடிஏவில் எடுக்கும் பொறியியல் பட்டதாரி நுழைவும், என்சிசி சிறப்பு நுழைவும் அப்படியே. ஓடிஏவில் பெண்களுக்கு ஒரு விலக்கு உண்டு: பணியில் இருக்கும்போது இறந்த படைவீரரின் மனைவி 35 வயது வரை விண்ணப்பிக்கலாம்.

ஏன் இப்படி என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. ஒரு காலத்தில் இதைவிட மோசம். ராணுவ நர்சிங் சேவையில் இருந்த ஒரு பெண் அதிகாரியை, கல்யாணம் செய்துகொண்டார் என்ற காரணத்துக்காகவே 1988-ல் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவர் விடாமல் வழக்கு நடத்தி, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. கல்யாணத்துக்காக வேலையை விட்டு எடுப்பது வேறு, சேரும்போதே கல்யாணமாகாதவர்கள்தான் வேண்டும் என்பது வேறு. இரண்டாவது இன்னும் விதியாகத்தான் இருக்கிறது. அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இல்லை. வயது ஓடிக்கொண்டிருக்கிறது.

திறந்திருக்கும் கதவுகள்

விமானப்படை அதிகாரி வேலைக்கு ஏஎஃப்கேட் என்று ஒரு தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. அதன் விதியைக் கவனமாகப் படியுங்கள்: பயிற்சி தொடங்கும் நாளில் 25 வயது நிரம்பாதவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, 25 தாண்டியவர்கள் கல்யாணமானவராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். விமானம் ஓட்டாத கிரவுண்ட் டியூட்டி பிரிவுகளுக்கு மேல் வயது வரம்பு 26. ஆக, குடும்பக்காரருக்கு இங்கே கிடைப்பது மிகச் சிறிய இடைவெளி, ஏறக்குறைய ஒரே ஒரு வருடம். விமானம் ஓட்டும் பிரிவுக்கு வரம்பு 24 என்பதால், வணிக விமானி உரிமம் வைத்திருப்பவர் தவிர மற்றவர்களுக்கு அது இல்லை. அந்தத் தம்பிக்கு இப்போது 23, டிகிரியில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அதனால் அவர் சிடிஎஸ்ஸுக்காகப் படித்தது முழுக்க வீணாகவில்லை, கணக்கும் ஆங்கிலமும் பொது அறிவும் இங்கேயும் உதவும். தேர்வில் தேறினால் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, நமக்குப் பக்கம் மைசூரு. பிறகு பயிற்சி ஹைதராபாத் பக்கம் துண்டிகலில். பயிற்சிக் காலத்தில் குடும்பத்துக்கு வீடும் தரமாட்டார்கள், வெளியே வீடு எடுத்துக் குடும்பத்தோடு தங்கவும் விடமாட்டார்கள் என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது. இது குறுகிய காலப் பணி, கிரவுண்ட் டியூட்டிக்கு 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 4. முழுப் பென்ஷனை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

படிப்பு மருத்துவம் அல்லது நர்சிங் என்றால் உங்கள் நிலைமை நல்லது. ராணுவ மருத்துவப் பிரிவுக்கு டாக்டர்களை எடுக்கும்போது கல்யாணம் தடையில்லை, ராணுவ நர்சிங் சேவையின் குறுகிய காலப் பணிக்கும் கல்யாணமான பெண்கள் விண்ணப்பிக்கலாம். டி.பார்ம். அல்லது பி.எஸ்சி. பார்மசி முடித்த ஆண்கள் விமானப்படையின் மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலையைப் பாருங்கள், அதில் கல்யாணமானவர்களுக்குத் தனியாக ஒரு வயது வரம்பே போடுகிறார்கள். தாம்பரம் விமானப்படை நிலையத்தில் இருக்கும் தேர்வு மையத்தில் நேரில் கேட்டால் அடுத்த ஆள்சேர்ப்பு எப்போது என்று தெரியும்.

டெரிட்டோரியல் ஆர்மி என்று ஒன்று இருக்கிறது. 18 முதல் 42 வயது வரை, கல்யாணமானவர்களும் போகலாம். ஆனால் அது முழு நேர வேலை இல்லை, ஏற்கெனவே ஒரு வேலையோ தொழிலோ இருப்பவர்கள் வருடத்தில் சில வாரங்கள் சீருடை போடுவது. சம்பாத்தியம் இருக்க வேண்டும் என்பதே விதி, ஆகவே மாணவருக்கு இப்போது பொருந்தாது. பத்து வருடம் கழித்தும் ஆசை போகவில்லை என்றால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எங்கள் வழி. மத்திய ஆயுதப் போலீஸ் படைகள்: சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப், ஐடிபிபி, எஸ்எஸ்பி. இவை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் ராணுவம் இல்லை, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. இதைத் தெரிந்துகொண்டே போங்கள், சேர்ந்த பிறகு "ராணுவம்னு நினைச்சேன்" என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பென்ஷன் விஷயத்திலும் வித்தியாசம் உண்டு, 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ராணுவத்தில் இருப்பது போன்ற பழைய பென்ஷன் இங்கே கிடையாது. ஆனால் துப்பாக்கி, எல்லை, காடு, பனி எல்லாம் ஒன்றுதான். கல்யாணம் தடையே இல்லை என்பது நமக்கு முக்கியம். ஒரு மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்தவரைத்தான் எடுக்கமாட்டார்கள்.

இதில் மூன்று படிகள். பத்தாவது முடித்தால் ஜிடி (பொதுப் பணி) கான்ஸ்டபிள், வயது 18 முதல் 23. டிகிரி முடித்தால் சப் இன்ஸ்பெக்டர், 20 முதல் 25. அதே டிகிரிக்கு யுபிஎஸ்சி நடத்தும் அசிஸ்டென்ட் கமாண்டன்ட், அதுவும் 20 முதல் 25. ஓபிசிக்கு 3 வருடமும் எஸ்சி, எஸ்டிக்கு 5 வருடமும் சலுகை. அடிப்படைச் சம்பளம் கான்ஸ்டபிளுக்கு 21,700, சப் இன்ஸ்பெக்டருக்கு 35,400, அசிஸ்டென்ட் கமாண்டன்டுக்கு 56,100, இதற்கு மேல் அகவிலைப்படியும் மற்ற படிகளும். முதல் இரண்டையும் நடத்துவது ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன். இதையும் எஸ்எஸ்சி என்பார்கள், ராணுவத்தின் குறுகிய காலப் பணியையும் எஸ்எஸ்சி என்பார்கள், பேச்சில் இரண்டும் குழம்பிப் போய்த்தான் பாதிப் பேர் தப்பான அறிவிப்பைப் படிக்கிறார்கள்.

டிகிரி முடிய ஒரு வருடம்தான் இருக்கிறது என்றால், தயவுசெய்து முடித்துவிட்டு சப் இன்ஸ்பெக்டருக்கு எழுதுங்கள். என் கணவர் அவசரப்பட்டார். வீட்டு வாடகை, பால் பாக்கெட், குழந்தைக்கு மாதாமாதம் டாக்டர் செலவு, எல்லாம் சேர்ந்து கான்ஸ்டபிள் வேலை வந்ததும் பி.காமை மூன்று பேப்பர் பாக்கியோடு விட்டுவிட்டுப் போனார். அந்த மூன்று பேப்பரை எழுதி முடிக்க எங்களுக்கு ஐந்து வருடம் ஆனது. லீவு கிடைக்கும் மாதத்தில் தேர்வு இருக்காது, தேர்வு இருக்கும் மாதத்தில் லீவு கிடைக்காது. சேர்ந்த பிறகும் துறைக்குள் தேர்வு எழுதி மேலே போகலாம், ஆனால் வெளியிலிருந்து நேராக மேல் படியில் ஏறுவது எவ்வளவோ எளிது.

விண்ணப்பத்தில் எந்தப் படை வேண்டும் என்று விருப்ப வரிசை கேட்பார்கள். கைக்குழந்தை இருக்கிறது என்றால் என் கருத்து, சிஐஎஸ்எஃப் முதலில். விமான நிலையம், துறைமுகம், அணுமின் நிலையம், தொழிற்சாலை என்று ஊர்ப்பக்கம் இருக்கும் வேலை, சென்னை விமான நிலையத்தில் நீங்கள் பார்ப்பதே அவர்களைத்தான், பக்கத்தில் குடும்பம் வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் பயிற்சி மையமும் இருக்கிறது, 2025-ல் அதற்கு ராஜாதித்த சோழன் பெயரை வைத்தார்கள். பிஎஸ்எஃப் என்றால் பாகிஸ்தான், வங்கதேச எல்லை, ஐடிபிபி என்றால் சீன எல்லைப் பனி, எஸ்எஸ்பி என்றால் நேபாள, பூட்டான் எல்லை. சிஆர்பிஎஃப் என்றால் எங்கே பிரச்சினையோ அங்கே. நான் சிஆர்பிஎஃப் குடும்பம், அந்தப் படையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனாலும் சிறு குழந்தையோடு வருகிறவர்களிடம் இந்த வரிசையைத்தான் சொல்கிறேன்.

மறைக்காதீர்கள்

இதை எழுதாமல் விடமுடியாது. "கல்யாணத்தைப் பதிவு பண்ணலைன்னா யாருக்குத் தெரியும், கல்யாணமாகலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கலாம்" என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். பொய் வெளியே வந்தால் வேலை போகும், வழக்கும் வரும். அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் மனைவி காகிதத்தில் இல்லாமல் போய்விடுவார். ராணுவத்தில் கல்யாணம் ஆனால் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்றில் மனைவி பெயரை ஏற்றுவார்கள், குழந்தை பிறந்தால் குழந்தை பெயரையும். மருத்துவமனை, குவார்ட்டர்ஸ், குடும்ப பென்ஷன், இன்சூரன்ஸ் எல்லாம் அந்தப் பதிவைப் பார்த்துத்தான். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கல்யாணமே ஆகவில்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எந்த அலுவலகத்துக்குப் போவார்? குழந்தைக்கு அப்பா யார் என்று நிரூபிக்க நீதிமன்றம் போக வேண்டிவரும். நாட்டுக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருப்பவரை இல்லை என்று எழுதிக் கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அதேபோல, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு "உள்ளே ஆள் இருக்கு" என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் தேர்வு, மைதானத்தில் ஓட்டம், அப்புறம் மெடிக்கல், எந்த இடத்திலும் அந்த ஆளால் உங்களுக்காக எதுவும் செய்யமுடியாது.

வீட்டில் பேச வேண்டியவை

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, மனைவியோடு ஒரு நாள் முழுசாக உட்காருங்கள். "போகட்டுமா?" என்று கேட்டால் "உங்க இஷ்டம்" என்றுதான் பதில் வரும், நானும் அதைத்தான் சொன்னேன். மனசுக்குள் ஆயிரம் பயம் இருந்தது. அதனால் இப்படிக் கேளுங்கள்: நான் பயிற்சிக்குப் போகும் மாதங்களில் நீ எங்கே இருப்பாய்? உன் அம்மா வீட்டிலா, என் அம்மா வீட்டிலா, தனியாகவா? ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்துக் கூட வர யார் இருக்கிறார்கள்? உன் படிப்பை என்ன செய்வது? இந்தக் கடைசிக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதே இல்லை. மனைவியும் மாணவியாக இருந்தால், இரண்டு பேரில் யார் முதலில் முடிப்பது என்று தேதி போட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் அவர் படிப்புதான் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

லீவு பற்றியும் உண்மையைச் சொல்லுங்கள். ராணுவத்தில் ஜவான்களுக்கு வருடத்துக்கு 60 நாள் வருடாந்திர லீவும் 30 நாள் தற்செயல் லீவும் உண்டு, மத்திய போலீஸ் படைகளில் தற்செயல் லீவு அதைவிடக் குறைவு. கணக்கில் இருப்பது ஒன்று, நமக்கு வேண்டிய நேரத்தில் கிடைப்பது வேறு. தேர்தல் வந்தால் லீவு நிறுத்தம், கலவரம் என்றால் நிறுத்தம். எங்கள் மகளின் பத்துப் பிறந்தநாளில் மூன்றுக்குத்தான் அவர் வீட்டில் இருந்திருக்கிறார். ஒருமுறை சத்தீஸ்கரில், மாவோயிஸ்ட் பிரச்சினை இருந்த சுக்மா பக்கம் போஸ்டிங், போனில் சிக்னல் கிடைக்காமல் நான்கு நாள் பேச்சே இல்லை. அந்த நான்கு நாளும் நான் டிவி செய்தியைப் போடவே இல்லை. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு சரி என்று சொன்ன மனைவியும், தெரியாமல் சரி சொன்ன மனைவியும் அந்த நான்கு நாளை ஒரே மாதிரி கடக்கமாட்டார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வேலைக்குச் சேர்ந்த அன்றே சம்பளம் வரும் என்று நினைக்காதீர்கள். கணக்கு தொடங்க வேண்டும், காகிதங்கள் சரிபார்க்க வேண்டும், எங்களுக்கு முதல் சம்பளம் கைக்கு வர மூன்றாவது மாதம் ஆனது, அதுவரை என் வளையல் இரண்டும் அடகுக் கடையில் இருந்தன. குறைந்தது நான்கு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் ரயில் ஏறாதீர்கள். சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு தனியாக இருப்பதைவிட, பயிற்சி முடியும்வரை பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கடன் இல்லாமல் கடந்துவிடலாம். இன்னொன்று, அரசு வேலை வந்த குடும்பத்துக்கு மகளிர் உரிமைத் தொகைக்குத் தகுதி இல்லை, ஆகவே அந்த 1,000 ரூபாயை வருங்காலக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குழந்தையோடு தயாராவது

ஒரே அறையில் குழந்தை அழ, குக்கர் விசில் அடிக்கப் படிப்பது கஷ்டம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் எடுத்துப்போய்ப் படிக்கத் தனி இடம் இருக்கிறது, போட்டித் தேர்வுப் புத்தகங்களும் உண்டு, செலவில்லை. வடசென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் பக்கம். கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் இலவச வகுப்பையும், 'நான் முதல்வன்' திட்டத்தின் போட்டித் தேர்வுப் பயிற்சியையும் விசாரியுங்கள். ஆனால் நூலகத்துக்குப் போகிறேன் என்று நாள் முழுக்க வெளியே இருந்துவிட்டு, வீட்டில் ஒரே ஆள் குழந்தையைப் பார்க்கும்படி செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு: காலை 5 முதல் 8 வரை அவர் நேரம், ஓட்டமும் படிப்பும். சாயங்காலம் 6-லிருந்து 8 வரை குழந்தை அவர் பொறுப்பு, அந்த நேரத்தில் நான் தூங்குவேன் அல்லது என் வேலையைப் பார்ப்பேன். இது ஒன்றுதான் எங்களைச் சண்டையில்லாமல் அந்த வருடத்தைத் தாண்ட வைத்தது.

ஜிடி தேர்வு 80 கேள்வி, 160 மதிப்பெண், ஒரு மணி நேரம்: பகுத்தறிதல், பொது அறிவு, கணக்கு, மொழி, ஒவ்வொன்றிலும் 20 கேள்வி. என் கணவர் எழுதியபோது ஆங்கிலம், இந்தி தவிர வேறு மொழி கிடையாது. 2024-லிருந்து தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம். இதற்காக எத்தனை பேர் எத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும், ஆகவே தயங்காமல் தமிழைத் தேர்ந்தெடுங்கள். மொழிப் பகுதி மட்டும் ஆங்கிலம் அல்லது இந்தியில்தான் இருக்கும்.

உடல் தகுதிக்கு வருவோம். கான்ஸ்டபிளுக்கு ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்திலும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்திலும் ஓட வேண்டும். உயரம் ஆண்களுக்கு 170, பெண்களுக்கு 157 சென்டிமீட்டர், எஸ்டி பிரிவினருக்குச் சலுகை உண்டு. சப் இன்ஸ்பெக்டர் என்றால் ஆண்களுக்கு 1.6 கிலோமீட்டர் ஆறரை நிமிடத்தில், 100 மீட்டர் 16 விநாடியில், தாண்டுதல், குண்டு எறிதலும் சேர்த்து. சென்னை வெயிலில் 7 மணிக்கு மேல் ஓடினால் உடம்புதான் கெடும். நாங்கள் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போவோம், அவர் ஓடுவார், நான் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடப்பேன், சுற்றுக்குச் சுற்று நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. முதல் மாதம் 5 கிலோமீட்டரைப் பாதி நடந்துதான் முடித்தார். நான்கு மாதத்தில் 23 நிமிடத்துக்கு வந்தார். தார் ரோட்டில் மட்டும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வரும், வாரத்தில் இரண்டு நாளாவது மண் தரையில் ஓடுங்கள். விண்ணப்பிக்கும் முன் பல், காது, கண், தட்டைப் பாதம், முட்டி இடிப்பது, வெரிகோஸ் நரம்பு இவற்றை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மெடிக்கலில் பலரை இவைதான் திருப்பி அனுப்புகின்றன.

படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 12 வாரம் அல்லது அதற்கு மேல் கர்ப்பமாக இருந்தால் உடல் தகுதித் தேர்வில் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதி, பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். வாய்ப்பு அதோடு போய்விடுவதில்லை. ஆனால் ஆறு வாரத்தில் எட்டரை நிமிட ஓட்டம் என்பது எந்த உடம்புக்கும் கொடுமை, முடிந்தவரை தேதிகளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

காகிதங்கள், முக்கியமாக இனிஷியல்

தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். வடக்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்கிறது, நமக்கு இனிஷியல். மார்க் ஷீட்டில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. மனைவிக்கு இன்னும் சிக்கல், கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். என் ஆதாரில் ஒன்று, கல்யாணச் சான்றிதழில் ஒன்று, மகளின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் ஓர் எழுத்து மாறி இன்னொன்று. மகளுக்கு இரண்டு வயதில் நிமோனியா வந்து, கணவரின் பணிப் பதிவைக் காட்டிச் சேர்க்கப் போன இடத்தில், அதில் இருக்கும் மனைவி நான்தானா என்று கேட்டு ஒரு மதியம் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். மடியில் குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அஃபிடவிட், கெஜட் என்று அலைந்தோம். நீங்கள் இதை இப்போதே செய்துவிடுங்கள், வேலை வந்த பிறகு அவர் ஜம்முவில் இருப்பார், நீங்கள் இங்கே தனியாக அலைவீர்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள், 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் அது கட்டாயம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றியாகிவிட்டதா பாருங்கள், நிறையப் பேர் பெயர் இல்லாத சான்றிதழையே வைத்திருக்கிறார்கள். பிசி, எம்பிசி பிரிவினர் சாதிச் சான்றிதழ் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், மத்திய அரசு வேலைக்கு ஓபிசி சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் தனியாக வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் வாங்க வேண்டும். இருப்பிடச் சான்றிதழும் அப்படியே, ஜிடி காலியிடங்கள் மாநில வாரியாகப் பிரிக்கப்படுவதால் அது இல்லாமல் நடக்காது. எல்லாவற்றிலும் மூன்று நகல், ஒன்று அவர் பெட்டியில், ஒன்று உங்கள் பீரோவில், ஒன்று அம்மா வீட்டில்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே நாமினி படிவங்களைக் கொடுப்பார்கள். பல பையன்கள் பழக்கத்தில் அம்மா பெயரை எழுதிவிடுகிறார்கள், அம்மாவுக்கும் ஒரு பங்கு எழுதுங்கள், தப்பில்லை, ஆனால் மனைவி, குழந்தை பெயர் இல்லாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவச் செலவுக்கான ஆயுஷ்மான் சிஏபிஎஃப் அட்டை குடும்பத்துக்கும் உண்டு, உடனே கேட்டு வாங்குங்கள். குழந்தை பள்ளிக்குப் போகும் வயது வரும்போது கேந்திரிய வித்யாலயாவில் இடமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை இருக்கிறது, ஆவடி, தாம்பரம், மீனம்பாக்கம், தீவுத்திடல் எல்லா இடத்திலும் பள்ளிகள் உண்டு.

கிளம்பும் நாள்

சென்ட்ரலில் வழியனுப்பப் பத்துப் பேர் வருவார்கள், மாலையெல்லாம் போடுவார்கள். முதல் நாள் ராத்திரி மட்டும் வீட்டில் மூன்று பேராக இருங்கள். வங்கிக் கணக்கின் விவரம், கேஸ் புத்தகம், எல்ஐசி, யாரிடம் எவ்வளவு கடன், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மனைவி கையில் கொடுங்கள். பயிற்சி மையத்தின் முகவரியும் அலுவலகத் தொலைபேசி எண்ணும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் முதல் சில வாரம் போனைக் கையில் தரமாட்டார்கள்.

குழந்தை விஷயத்தில் எங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று. முதல் லீவில் அவர் வந்தபோது மகள் அவரிடம் போகவே இல்லை, முடி வெட்டி, கறுத்து, இளைத்து நின்ற ஆளைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான்காம் நாள்தான் கிட்டே போனாள். அதற்குப் பிறகு நாங்கள் செய்தது: கிளம்பும் முன் அவர் குரலில் பத்துப் பதினைந்து கதை, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போனில் பதிவு செய்து வைத்துவிட்டுப் போவார். தினமும் தூங்கும் நேரத்தில் ஒன்று போடுவேன். அடுத்த லீவில் வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே எழுந்து ஓடினாள். அந்தத் தம்பியிடமும் இதைச் சொல்லி அனுப்பினேன். இப்போதே பதிவு செய்யத் தொடங்கிவிட்டாராம், சப் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கான அறிவிப்பு இன்னும் வரவில்லை.